இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

வாலாஜாபாத் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு பூசாரியும் அவர் ஊர்க்காரரான கறுப்புச் சட்டைக்காரரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பூக் கேக்க வர்றவங்களுக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான் கட்டுவேன். எத எடுத்தாலும் அம்மன் சம்மதம்," என்றார் பூசாரி.

"இப்டி ஏமாத்தித்தான ஊரையே கையில வெச்சினுகீற?"

"ஆமா. இருவது வருஷமா."

பூசாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வெள்ளிக்கெழம, என் பொண்ணு கல்யாணத்துக்கு, சும்மா வழக்கத்துக்கு, ரெண்டுலயும் வெள்ளையே நானே கட்டி நானே எடுத்தேன். பிரிச்சா செவப்பு. ஆகாதுன்னு அர்த்தம்."

"கை தவறி வெச்சிருப்ப."

"இன்னொண்ணையும் பிரிச்சேன். அதுவும் செவப்பு."

"கல்யாணம் இன்னாச்சு?"

"நிறுத்தியாச்சு. மாப்ள வூட்ல சொல்லத்தான் போய்க்கினு இருக்கேன்."

கறுப்புச் சட்டைக்காரர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ செவப்ப யாரு வெச்சது?"

"சாமியே இல்லன்றவன் நீதான? நீ சொல்லு."