தையல்காரர் மாட்டிக்கொண்ட பரீட்சை

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் இளையவர் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு பரீட்சையில மாட்டிக்கிட்டாரு, மதினி."

"தையல்காரனுக்கு என்னட்டி பரீட்சை?"

"எல்லாம் எம்மவ, உங்க மருமவ வேலைதான். பள்ளிக்கூடத்துல கண்ணு பாத்து, கண்ணாடி குடுத்தாங்கள்லா? போர்டுல எழுதுறது இப்பந்தான் அவளுக்குத் தெரியுதாம். அதே மாதிரி காலண்டர் பின்னால பெருசும் சிறுசுமா எழுத்து எழுதி, சுவத்துல ஒட்டி, எங்க எல்லாரையும் தள்ளி நின்னு வாசிக்கச் சொல்லுதா."

"நல்லதுதான?"

"இவருக்கு ஊசியில நூலு கோக்கவே முடியல. தையல் கோணுதுன்னு ஆளுக வேற கடைக்குப் போயிருதாவ. கண்ணாடி போட்டா கிழவன்னு சொல்லிருவாங்கன்னு ஒரே பிடிவாதம். நாங்க வாசிச்சதைக் கேட்டு மனப்பாடம் பண்ணி, கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்லிட்டாரு."

"ஆத்தி!"

"அவ விடுவாளா? மறுநா வேற எழுத்து எழுதி ஒட்டிட்டா. இவரு பழசையே ஒப்பிக்காரு! கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, கண்ணாடி போட வச்சிட்டா. இப்பம் முன்னால தச்சதையெல்லாம் வாங்கி, பிரிச்சுத் தைக்காரு. உங்க ஜாக்கெட்டையும் கேட்டாரு. ஒரு கை ஏறி, ஒரு கை இறங்கி இருக்காம்."

மூத்தவர் தன் ஜாக்கெட்டின் இரண்டு கைகளையும் நீட்டி, மாறி மாறிப் பார்த்தார்.

"சரியாத்தானட்டி இருக்கு?"

"மதினி, சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. எம்மவ சும்மாதான் இருப்பா, சுவத்துல எழுத்தும் அப்படியே இருக்கு."