அறுபத்திரண்டாம் பக்கம்

— சரி, வேண்டாம்னு சொல்லப் போறே. எப்படிச் சொல்லுவே? எங்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டு.

— கேலி பண்ணாதீங்க. மூணு மணிக்கு ஏரியா மேனேஜர் வருவார். "சார், ஆறு வாரம் ட்ரெயினிங் குடுத்தீங்க, ரொம்ப நன்றி. இந்த மேனேஜர் வேலை எனக்கு ஒத்து வராது, பழையபடி பில்லிங்குக்கே போயிடறேன்." அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? பதினோரு வருஷம் பில் போட்டவளைக் கூப்பிட்டு, இந்தாம்மா, இனிமே இந்த சூப்பர் மார்க்கெட் உன் பொறுப்புன்னு குடுக்கறாங்க. கடைசித் தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இப்பப் போய் ஒத்து வராதாம். எதும்மா ஒத்து வரலை?

— அறுபத்திரண்டாம் பக்கம்.

— ட்ரெயினிங் புத்தகத்துலயா? அதுல அத்தனை பக்கம் இருக்கா! நான் அதை டம்ளர் மூடத்தான் எடுத்திருக்கேன் பாரு.

— தெரியாத மாதிரி நடிக்காதீங்க. படிக்கறேன், கேளுங்க. "கிளை மேலாளரின் கணவரோ மனைவியோ அதே கிளையில் பணிபுரிதல் கூடாது." நான் திங்கக்கிழமை மேனேஜரா உக்காந்தா, நீங்க இந்தக் குடோனை விட்டுப் போகணும். நேத்துதான் இது என் கண்ணுல பட்டுச்சு. அப்பலேர்ந்து சாப்பாடு இறங்கலை எனக்கு.

— அதான் டப்பாவுல பாதி அப்படியே இருக்கா? சாப்பிடு முதல்ல. போகணும்னா போறேன். குடோன்னா என்ன, நாலு சுவரு, நூறு அட்டைப்பெட்டி. எங்க போனாலும் பெட்டி பெட்டிதானே.

— பதினாறு வருஷங்க. எந்தப் பெட்டி எந்த மூலையில இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவீங்க. காலைல ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடந்து வர்றோம், இந்தக் கவுத்துப் போட்ட பால் கிரேட் மேல உக்காந்து ஒண்ணாச் சாப்பிடறோம். உங்களை எங்கயோ தள்ளிட்டு நான் மட்டும் அந்தக் கண்ணாடி ரூம்ல ஜம்முனு உக்காரணுமா? என்னால முடியாது.

— சரி, முடியாதுன்னா முடியாது. சொல்லிடு. நான் தடுக்கலை.

— நிஜமாவா?

— நிஜமா. ஆனா பாரு, உனக்குப் பழக்கிவிடணும்னு மூணு நாடகம் யோசிச்சு வச்சிருக்கேன். ரெண்டு நாள் உழைப்பு. அதை மட்டும் நடிச்சுட்டுப் போயிடு. மூணு மணிக்கு நீ வேண்டாம்னு சொன்னாலும், என் நாடகம் வீணாப் போகக் கூடாது.

— உங்களுக்கு இந்தக் கடையில வேலை குடுத்தது தப்பு. கூத்துல சேத்திருக்கணும்.

— முதல் நாடகம். நான் கஸ்டமர். ஏய், யாரு இங்க மேனேஜர்? கூப்பிடு!

— கத்தாதீங்க, வெளில கேக்கும்!

— கஸ்டமர் கத்தத்தான் செய்வான். ம், ஆரம்பி.

— வணக்கம் சார். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு நாங்கள் மிகவும் வருந்துகிறோம்.

— நாங்களா? நீ ஒருத்திதானே நிக்கறே? மத்தவங்கள்லாம் எங்க நின்னு வருந்தறாங்க?

— புத்தகத்துல அப்படித்தாங்க போட்டிருக்கு!

— அந்தப் புத்தகத்தை எழுதினவன் ஒரு கஸ்டமரையும் பாத்திருக்க மாட்டான். நீ பதினோரு வருஷமாப் பாக்கறே. பில்லிங்ல பேசுவியே, அப்படிப் பேசு.

— சரி. என்ன சார் ஆச்சு, சொல்லுங்க.

— இதோ பாரும்மா, ஷூ. நேத்து சாயங்காலம் இங்கதான் வாங்கினேன். வீட்டுக்குப் போய்ப் பிரிச்சா ரெண்டும் இடது கால். என்னைப் பாத்தா ரெண்டு இடது கால் உள்ளவன் மாதிரியா இருக்கு?

— ஒரு நிமிஷம். என்ன சைஸ் சார்?

— சைஸா? எட்டு... எட்டுன்னே வச்சுக்கோ. எதுக்கு இந்த விசாரணை?

— விசாரணை இல்ல சார். உங்க பெட்டியில ரெண்டு இடதுன்னா, இன்னொரு எட்டாம் நம்பர் பெட்டியில ரெண்டு வலது இருக்கணும். அது குடோன்ல இருந்தா, இன்னும் அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு ஜோடி சேத்துத் தந்துடறேன். ஒருவேளை அதுவும் வித்துப் போயிருந்தா, இன்னொருத்தர் வீட்டுல உங்களை மாதிரியே முழிச்சிட்டு இருப்பார். அவர் கோவமாக் கிளம்பி வர்றதுக்கு முன்னாடி நாங்களே போன் பண்ணிடணும். நீங்க உக்காருங்க சார். புது ஜோடி வருது, கால்ல போட்டு நாலடி நடந்து பாத்துட்டுப் போங்க.

— ரெண்டு வலதா?

— ஆமாங்க. தப்பாச் சொல்லிட்டேனா?

— ரெண்டு நாளா இதை யோசிச்சவன் நான். அந்த ரெண்டு வலது கால் என் மண்டைக்கு எட்டவே இல்ல பாரு.

— அது ஒண்ணும் பெரிசில்ல. ஒண்ணு மாறினா இன்னொண்ணும் மாறியிருக்கும்தானே.

— பெரிசில்லையாம். கடைக்கு வராத ஆளுக்கும் சேத்துக் கவலைப்படறா, கேட்டா பெரிசில்லைங்கறா. சரி, ரெண்டாவது நாடகம்...

— இருங்க, போன் அடிக்குது. பில்லிங்லேர்ந்து. ஸ்பீக்கர்ல போடுங்க, என் கை எச்சில்.

— அக்கா... ஐயோ, மேடம்! பால் வைக்கற ஃபிரிட்ஜ் நின்னு போச்சு மேடம்! லைட் எரியுது, குளிரே இல்ல. மெக்கானிக்கைக் கேட்டா நாலு மணிக்குத்தான் வருவானாம். மூணு மணிக்குப் பெரியவர் வேற வர்றாரே!

— அக்கான்னே கூப்பிடு, பரவால்ல. முதல்ல அந்தக் கதவைத் திறந்து திறந்து பாக்கறதை நிறுத்து. உள்ள மீட்டர் எவ்வளவு காட்டுது?

— ஏழு.

— காலைல நான் எழுதினப்ப நாலு. ஒரு மணிக்கு எழுதச் சொன்னேனே, எழுதினியா?

— எழுதினேன்க்கா. அப்பவும் நாலுதான்.

— அப்ப இப்பதான் நின்னிருக்கு, பயம் இல்ல. பால், தயிர் எல்லாத்தையும் வண்டியில ஏத்தி இங்க குளிர் ரூமுக்கு அனுப்பு. எத்தனை மணிக்கு அனுப்பினேன்னு எழுது. ஃபிரிட்ஜ்ல வெறுமனே "பழுது"ன்னு எழுதி மாட்டிட்டுப் போயிடாதே, பால் இல்லன்னு திரும்பிப் போயிடுவாங்க. "ஃபிரிட்ஜ் பழுது, பால் உள்ளே இருக்கிறது, கேளுங்கள், எடுத்துத் தருகிறோம்"னு முழுசா எழுது. பெரிய எழுத்துல.

— பெரியவர் அதைப் பாத்துடுவாரேக்கா? அவர் வர்ற வரைக்கும் அட்டை மாட்டாம இருக்கலாமா?

— பாக்கட்டும். ஃபிரிட்ஜ் கெட்டுப் போறது தப்பு இல்லடி. மறைச்சாத்தான் தப்பு.

— சரி மேடம்... சரிக்கா... சரி மேடம்!

— பாவம், எதைச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டையும் சொல்லுது அந்தப் பொண்ணு. சரி, பால் வருது, நான் போய்க் குளிர் ரூமைத் திறந்து வைக்கறேன்.

— இப்பவே திறந்தா இருக்கற குளிரும் போயிடும். வண்டி வந்தப்புறம் திறங்க.

— பதினாறு வருஷம் குடோன் பாத்தவனுக்கே பாடம்! உத்தரவு மேடம்.

— ஐயோ, சாரிங்க. வாய்ல வந்துடுச்சு.

— எதுக்கு சாரி? நீ சொன்னது சரி. நான் அவசரக்காரன். பாரு, இதான் நான் யோசிச்சு வச்ச ரெண்டாவது நாடகம். "கடையில திடீர்னு ஏதோ கெட்டுப் போச்சு, மேனேஜர் என்ன பண்ணுவார்?" நான் நடிக்கறதுக்குள்ள ஃபிரிட்ஜே நடிச்சிருச்சு. பத்துக்குப் பத்து. அந்த ஏரியா மேனேஜர் இங்க இருந்திருந்தா நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

— ஆறு வாரத்துக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்! முதல் வாரம் லாரிக்காரர் சீட்டை நீட்டினார், அவர் அவசரப்படுத்தினாரேன்னு படிக்காமக் கையெழுத்துப் போட்டேனே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? கடைசி வரியில பொடி எழுத்துல "ஆறு பெட்டி பின்னால் வரும்"னு இருந்துச்சு. நீ எல்லாம் வந்துடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டே. அந்த ஆறு பெட்டியைத் தேடி நாம ரெண்டு பேரும் இந்தக் குடோனையே புரட்டிப் போட்டோம். நீ அந்த மூலையில உக்காந்து அழுதே.

— நீங்க திட்டவே இல்ல. "கடைசி வரி வரைக்கும் படி, அப்புறம் பேனாவை எடு"ன்னு மட்டும் சொன்னீங்க. இத்தனை ட்ரெயினிங்ல எனக்கு ஒட்டினது அந்த ஒரு பாடம்தான்.

— அப்ப மூணாவது நாடகத்துல அதைப் பாத்துடுவோம். இப்ப நான் ஸ்டாஃப். மேடம், உள்ள வரலாமா?

— வாங்க. உக்காருங்க.

— பாரு, நீ உக்காருங்கன்னு சொல்றே. பழைய மேனேஜர் பதினாறு வருஷத்துல எனக்கு ஒரு நாற்காலி காட்டினதில்ல.

— நாடகத்துலேர்ந்து வெளிய வராதீங்க. என்ன விஷயம்?

— ஒரு லெட்டர் குடுக்க வந்தேன் மேடம். பாலத்துக்கிட்ட நம்ம இன்னொரு கிளை இருக்குல்ல, அங்க குடோன்ல ஆள் கேக்கறாங்க. என்னை அங்க மாத்திடுங்க.

— இது என்ன நாடகம்? எனக்குப் பிடிக்கலை.

— பிடிச்ச நாடகத்தையா மூணு மணிக்குக் கேப்பாங்க? ஸ்டாஃப் மாறணும்னு வந்து நின்னா மேனேஜர் என்ன கேக்கணும்? ட்ரெயினிங்ல சொல்லித் தந்திருப்பாங்களே. கேளு.

— ஏன் போகணும்னு நினைக்கறீங்க?

— காத்து நல்லா வரும் மேடம் அங்க. பாலம், ஆறு...

— குடோன்ல ஜன்னலே கிடையாது. எந்தக் காத்து?

— வீட்டுக்குப் பக்கம்.

— ரெண்டு பஸ் மாறணும். நடந்து வர்ற இடத்தை விட்டுட்டு ரெண்டு பஸ் மாறிப் போறது பக்கமா? உண்மையான காரணத்தைச் சொல்லுங்க.

— விட மாட்டீங்களே. சொல்றேன் மேடம். என் வீட்டுக்காரி இந்தக் கடையில பதினோரு வருஷம் பில் போட்டா. இந்தக் குடோன் கதவுல ஒரு கண்ணாடி இருக்கு பாருங்க, சின்னதா, அது வழியா அவளைப் பாத்துக்கிட்டே இருப்பேன். வரிசை நீண்டு போச்சுன்னா ஒரு தடவை நிமிர்ந்து பாப்பா. கடைசியில கைக்குழந்தையோட ஒருத்தி நிப்பா. அவளை முன்னாடி கூப்பிடுவா. முன்னாடி நிக்கற ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே வழி விடுவாங்க. நானும் பதினோரு வருஷமாப் பாக்கறேன், அதை எப்படிப் பண்றான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. அப்படிப்பட்டவ, ஒரு பெட்டி தூக்கறவனுக்காக இந்தக் கடையை வேண்டாம்னு சொல்லப் போறாளாம். நான் அதைக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு நிக்கணுமாம். அதை மட்டும் என்னால தாங்க முடியாது மேடம்.

— ஒரு நிமிஷம். பெட்டி தூக்கறவன்னு சொல்லாதீங்க. இந்தக் குடோன்ல இருக்கறவர் என் ஸ்டாஃப். அவரைப் பத்தி அப்படிப் பேச யாருக்கும் உரிமை இல்ல. உங்களுக்கும் இல்ல.

— சரிங்க மேடம்.

— அவர் போயிட்டா இந்தக் கடைக்கு எவ்வளவு நஷ்டம்னு எனக்குத் தெரியும். ரெண்டு பஸ் மாறிப் போறதுக்கு அவங்க வீட்டுல சம்மதமா?

— கேட்டா சம்மதிக்க மாட்டா. தனியா நடந்து வரணுமேன்னு சொல்லுவா. ஆனா சாயங்காலம் திரும்பி வந்து கதை சொல்றதுக்கு ரெண்டு கடை இருக்கும் மேடம், இப்ப ஒரு கடைதான். அது லாபம்தானே?

— லெட்டரைக் குடுங்க.

— இந்தாங்க. நிஜம் மாதிரி இருக்கணும்னு ஆபீஸ் ஃபார்ம்லயே எழுதினேன். கீழ ஒரு கையெழுத்துப் போட்டா நாடகம் முடிஞ்சுது. அதோ வண்டிச் சத்தம், பால் வந்துடுச்சு போல. சீக்கிரம்.

— அவசரப்படுத்தாதீங்க. படிச்சுட்டுத்தான் போடுவேன்.

— நாடகத்து லெட்டர்தானேம்மா! அதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்? பின்பக்கம் எல்லாம் எதுக்குத் திருப்பறே? கண்ணைத் துடைச்சுக்கோ, மூணு மணிக்கு வர்றவர் ஃபிரிட்ஜுக்காக அழுதேன்னு நினைச்சுக்கப் போறார்.

— பேனா குடுங்க.

— இந்தா. அடிச்சுக் கிழிச்சுடாதே, எனக்கு... சும்மா, ஞாபகத்துக்கு வச்சுக்கணும்.

— போட்டாச்சு. பாருங்க.

— காட்டு, காட்டு. ம், எழுத்து முத்து மாதிரி இருக்கு. ஆனா ஒரு மார்க் குறைச்சாச்சு பாரு. தேதியைத் தப்பாப் போட்டிருக்கே. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பன்னெண்டாம் தேதி. நீ பதினஞ்சுன்னு போட்டிருக்கே. பதினஞ்சு திங்கக்கிழமைம்மா.

— தப்பு இல்லங்க. கடைசி வரியில, பொடி எழுத்துல, பாலத்துக் கிளை மேனேஜர் முந்தாநாள் புதன்கிழமையே சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கார். நாடகத்துக்கு எழுதின லெட்டர்ல யாரும் அப்படிப் போட மாட்டாங்க. நிஜ லெட்டர்ல, ட்ரெயினிங்ல இருக்கறவ இன்னைக்குக் கையெழுத்துப் போட்டாச் செல்லாது. திங்கக்கிழமை மேனேஜர் போட்டாத்தான் செல்லும்.