உண்டியலுக்குப் போன கண்ணாடி

சாமுண்டி மேல சத்தியம் தம்பி, ஒரு வார்த்தை பொய் இருந்தா இந்த பஸ் ஸ்டாண்டு பெஞ்சு என்னைத் தூக்கிக் கீழ போடட்டும். எந்த மவராசன் கண்ணாடியைக் கண்டுபிடிச்சானோ... அறுபது வருசமா மூக்கு மேல ஏறி உக்காந்து ரெண்டு காதையும் இழுத்துக்கிட்டே இருந்துச்சுங்க.

எனக்கு மைனஸ் ஆறு. ஒரேயடியாக் கழட்டுனா கண்ணு பயந்துக்கும்னு, மாசம் அரை நம்பர் குறைச்சேன். எப்படியா? அக்ரஹாரத்துக் கண்ணாடிக் கடையில எழுத்து அட்டை இருக்குதில்ல, அதை மனப்பாடம் பண்ணிட்டேன். மைனஸ் மூணுல சாமுண்டி மலை ரெண்டாத் தெரிஞ்சுது. ஒண்ணுல மலையே காணோம். ரோடு போட எடுத்துட்டாங்க போலனு விட்டுட்டேன். பார்க்குல நடக்கறவங்களுக்கெல்லாம் இந்த முறையைச் சொல்லிக் குடுத்தேன்.

கண்ணு தேறுனா வெள்ளியில கண்மலர் போடுவாங்கல்ல? நான் ஸ்ரீரங்கப்பட்டணம் போயி, இருந்த கண்ணாடி அத்தனையும் உண்டியல்ல போட்டேன். வெளிய வந்து ஸ்கூட்டரைக் கிளப்புனேன். என் சம்சாரம் சொர்ணலதா பின்னால ஏறுனா. மைசூரு வர்ற வரைக்கும் ஒரு திட்டு இல்லை. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். வாசல்ல எறங்கி, கதவைத் தடவிப் பாத்து, "ஏங்க, இது நம்ம வீடு இல்லையே"னு கன்னடத்துல ஒரு குரல். யாரோ கௌரம்மாவாம். அந்தம்மாவும் நம்பர் குறைச்சுட்டு இருக்குது. பார்க்குல யாரோ பெரியவர் சொன்ன முறையாம்.

சொர்ணலதா அங்கயே பூக்கடைகிட்ட நின்னிருக்கா. நேரா இந்த நஞ்சன்கூட்டுல அவ அக்கா வீட்டுக்கு வந்துட்டா. பத்து நாளாச்சு, எனக்கு ரசம்கூட வைக்கத் தெரியாதுங்க. நேத்து போன்ல சொல்றா: "பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நாலு பொம்பளைங்களோட நிப்பேன். நேரா எங்கிட்ட வந்தா வீட்டுக்கு வர்றேன். வேற ஒருத்திகிட்டப் போனா, அவளோடயே போயிரு."

புதுக் கண்ணாடியா? கண்ணு நல்லாத்தான் இருக்குனு கடைக்காரர் தரமாட்டேங்கறாரு. அட்டை முன்னால நின்னாலே வாய் தானா ஒப்பிச்சுருது, என்ன பண்ண.

ஒரு உதவி தம்பி. வெளிய கெளம்புனா அவ கட்டறது கிளிப்பச்சைச் சேலைதான். எந்தப் பக்கம்னு மட்டும் மெல்லச் சொல்லுங்க... அதென்ன, கண்ணை இப்படிச் சுருக்கறீங்க? கிட்ட வாங்க. மூக்குல ரெண்டு தழும்பு இருக்குதே, கண்ணாடி எங்க? ஓ. நாலுல இருந்து எறக்கி எறக்கிக் கழட்டியே போட்டாச்சா. வாட்ஸ்ஆப்புல வந்த முறையா.

சரி விடுங்க. அங்க பச்சையா என்னமோ அசையுது. சேலையா, வாழையிலை வண்டியா தெரியலை. கையைப் புடிச்சுக்கங்க, ரெண்டு பேருமாக் கிட்டப் போய்ப் பாத்துரலாம். அவளாவே இருந்தா, இந்த முறையைக் கெளப்பி விட்டது யாருனு மட்டும் வாயைத் தொறந்துராதீங்க.