ஒத்திகைத் திருடன்

காப்பியில் சர்க்கரை சற்று அதிகம். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சேகரன். வாழ்நாளெல்லாம் பிறருடைய பிழைகளைத் திருத்தியவனுக்கு அந்தப் பழக்கம் நாக்கிலும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. தமிழ் பேசுகிற ஒருவர் இந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்திருப்பது எனக்குச் சௌகரியம். கன்னடத்திலும் நான் எதையும் சொல்லிவிடுவேன். ஆயினும் சில விஷயங்களை வீட்டு மொழியில் சொன்னால்தான் அளவு தவறுவதில்லை.

வருஷாந்தர அறிக்கைக்காக என்னை அழைத்தீர்கள். மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருக்களில் சென்ற தசராவிலிருந்து இந்தத் தசராவரை ஒரு களவுகூட இல்லை, அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்டீர்கள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்தப் பூவரச மரத்தடியில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை யார் என்றும் கேட்டீர்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்று நினைத்துக் கேட்டீர்கள் போலும். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற ஆண்டில் எங்கள் பகுதியில் களவு மிகுந்திருந்தது. மண்டிக்கு மூட்டை ஏற்றிவருகிற வண்டிகளோடு எல்லாவித மனிதரும் வந்தார்கள். தசரா நெருங்கினால் வெளியூர்க் கூட்டம் வேறு. அப்பொழுதுதான் தெருப் பாதுகாப்புச் சங்கம் என்ற ஒன்றை நான் தொடங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் வாசற்கதவின் பின்னால் ஒரு பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும் தொங்கவேண்டும். திருடனைக் கண்டவர் தாம்பாளத்தைத் தட்டவேண்டும். கேட்ட வீட்டார் தாமும் தட்டவேண்டும். ஆண்கள் சந்துகளின் வாயில் கைவண்டியைக் குறுக்கே நிறுத்தவேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. எலிப்பொறிக்குக் கதவு ஒன்று போதும் என்பதைப் போல எளிய ஏற்பாடு. காவல் துறையாரும் மகிழ்ந்து, எங்கள் தெருமுனையில் சௌக்கி என்கிற காவல் சாவடி ஒன்றை அமைத்து இரண்டு கான்ஸ்டபிள்களை உட்காரவைத்தார்கள். அதன் வாசலில் எனக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டது. நான் வரும்போது அவர்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னைக் கண்டு எழுந்து நின்றவர்கள் அவர்கள் இருவர்தாம்.

ஆண்டுக்கொருமுறை, தசராவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை நடத்துவோம். ஒருவன் திருடனாக ஓடுவான். ஊர் அவனைத் துரத்திப் பிடித்துச் சௌக்கியில் ஒப்படைக்கும். பிடிபட்ட திருடனுக்கு நான் மாலை போட்டு வேட்டி கொடுப்பேன். பிறகு எல்லோரும் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்வோம்.

அந்தத் திருடன் கரியப்பன். கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்தான். மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய ஊர் மதராஸ் ராஜ்யத்து எல்லைக்குள் கிடப்பதால், இத்தனை காலம் இங்கே உழைத்தும் எங்கள் ஜனங்களுக்கு அவன் அசலூரான்தான். ஆனால் நல்ல கால்கள். சந்துகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம். புகைப்படத்தில் எப்போதும் முன்வரிசையில் வந்து நிற்பான்.

முதல் இரண்டு ஒத்திகைகள் சிறப்பாக நடந்தன. களவு குறைந்தது. பிறகு அறவே நின்றது. நின்றதும் ஜனங்களுடைய சிரத்தையும் நின்றது. சென்ற ஆண்டுக்கு முந்தின வருஷத்து ஒத்திகையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஜில்லா சூப்பிரண்டெண்டே பார்வையிட வந்திருந்தார். கரியப்பன் ஒரு முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஜனங்கள் வேர்க்கடலையைக் கொறித்தபடி வேடிக்கை பார்க்கிறார்கள். வெல்ல வியாபாரி லிங்கப்பனின் மனைவி நடுத்தெருவில் அவனை நிறுத்தி, "பாவம், எஷ்டு தூரம் ஓடுவே கரியா, இந்தா மஜ்ஜிகே குடிச்சுட்டு ஓடு" என்று மோர்ச் செம்பை நீட்டுகிறாள். அவனும் நின்று, அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "தாயே, இப்பத் தொரத்துங்க" என்கிறான்.

சூப்பிரண்டெண்ட் சிரித்தார். "மேஷ்ட்ரே, இது கள்ளனைப் பிடிக்கிறதா, மாப்பிள்ளை அழைப்பா?" என்று கேட்டார். போகும்போது, இந்தப் பகுதியில்தான் குற்றமே இல்லையே, அடுத்த தசரா முடிந்ததும் சௌக்கியைக் குண்டலுபேட்டைச் சாலைப்பக்கம் மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை அது. உங்கள் துறையின் வருஷாந்தரக் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. களவு நடந்தால் காவல் உண்டு, நடக்காவிட்டால் இல்லை.

பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த ஒரு கதை உண்டு. ஆலமரத்துக் கிளிகள் ஒரு காகத்தைக் காவல் வைத்தன. கூலி, ஆளுக்கொரு பழம். ஓராண்டு எந்தப் பாம்பும் வரவில்லை. வராத பாம்புக்கு எதற்குக் காவல், எதற்குப் பழம் என்று கிளிகள் கேட்டன. காகம் எங்கிருந்தோ ஒரு பாம்புச் சட்டையைக் கவ்விவந்து வேரடியில் போட்டது. அன்றிலிருந்து பழம் தவறவில்லை. "காக்கை பொய் சொல்லிச்சா சார்?" என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். "சட்டை உண்மையான பாம்பின் சட்டைதானே" என்பேன். பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குவார்கள். யோசிக்கவைப்பதுதானே கதையின் வேலை.

சென்ற ஆண்டு நானும் யோசித்தேன். எங்கள் ஜனங்களுக்குச் சட்டை போதாது என்று தோன்றிற்று. உடம்போடு கூடிய பாம்பையே காட்டவேண்டியிருந்தது.

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை என்று தண்டோராப் போடச் செய்தேன். கரியப்பனை மட்டும் தனியே அழைத்து, வெள்ளிக்கிழமை முற்பகலில் ஓடச் சொன்னேன்.

"ஏனுங்க மேஷ்ட்ரே, ஞாயித்துக்கெழமன்னுதான தண்டோராப் போட்டாங்க?"

"வழக்கமான நாளில் எவன் திருட வருகிறான்? திடீரென்று வந்தால்தானே ஒத்திகை?"

"சனங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும்."

அவனுக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் லிங்கப்பன் வீட்டுப் பூஜை விளக்கை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்றதும் தயங்கினான். "சவுக்காரு வூட்டு வெள்ளி வெளக்குங்களா? அதத் தொடக் கை கூசுதுங்க. மொறமே இருந்துட்டுப் போவட்டுமுங்க."

"முறத்தைத் திருடுகிறவனை யாரப்பா மெனக்கெட்டுத் துரத்துவார்கள்?"

சிரித்துவிட்டான். "அதுவுஞ் செரிதானுங்க. மால நீங்களே போடுவீங்கல்ல?"

நானே போடுகிறேன் என்றேன். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தேவராஜ மார்க்கெட்டுக்கு நடந்துபோய்ச் சாமந்தி மாலை ஒன்று வாங்கிவைத்தேன். பிடிபட்டதும் உள்ளே புகுந்து, "இது ஒத்திகை, நீங்கள் தேறிவிட்டீர்கள்" என்று அறிவிப்பதாகத் திட்டம். என்னுடைய எண்ணத்தில் கெடுதல் இல்லை என்பதற்கு அந்த மாலையே சாட்சி. மாலையைப் பிறகு வீட்டில் பெருமாள் படத்துக்குச் சாத்தினேன்.

லிங்கப்பனின் மனைவி கொல்லையில் இருந்தாள். கரியப்பன் விளக்கோடு வாசல் தாண்டும்போது பார்த்துவிட்டாள். தாம்பாளத்தைத் தட்டினாள். அடுத்த வீடு தட்டிற்று. அதற்கடுத்த வீடு தட்டிற்று. இன்ஸ்பெக்டர், அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். தெருவே ஒரே கையாகத் தட்டிற்று. ஒருவர் வாயிலும் வேர்க்கடலை இல்லை. எல்லாச் சந்திலும் வண்டி குறுக்கே நின்றது. நான் சொல்லிக்கொடுத்த எதையும் யாரும் மறந்திருக்கவில்லை. அவனைப் பிடித்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே பிடிபட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு முழங்கால் வலி. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் என் கைமீறிப்போயிருந்தது.

அப்படித்தான் உங்களுக்கு முன்பிருந்தவரிடம் சொன்னேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. தப்பியோடிய திருடன் கால் இடறிக் கல்லில் விழுந்து இறந்தான் என்று முடித்துவிட்டார். சௌக்கி அகற்றப்படவில்லை. இன்னும் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். நான்கு பேர் எழுந்து நிற்கிறார்கள்.

மரத்தடியில் இருப்பவள் மல்லம்மா, அவனுடைய மனைவி. காரியமெல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்கு வந்தாள். மரியாதை தெரிந்தவள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"சாமி, அவரு களவாணி இல்லீங்க. வெள்ளிக்கெழம மேஷ்ட்ரு ஓடச் சொல்லியிருக்காருன்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனாரு. யாருகிட்டச் சொன்னாலும் நம்பமாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

துக்கத்தில் நாளும் கிழமையும் குழம்பிப்போகும் அம்மா என்றேன். கடிந்து பேசவில்லை.

"எனக்கு ஒண்ணுங் குழம்பலீங்க. எம் மவளப் பாக்க வந்தவங்க, களவாணி வூடுன்னு பாதி வழியிலயே திரும்பிப் போயிட்டாங்க. நாலு பேரு முன்னால, நாந்தான் ஓடச் சொன்னேன்னு சொல்லுங்க சாமி. வேற எதுவும் வேண்டாமுங்க."

வெயிலில் வந்திருக்கிறாளே என்று மோர் கொண்டுவரச் சொன்னேன்.

"மோரு வேண்டாமுங்க. வார்த்ததான் வேணும்."

நான் கொடுக்கக்கூடியதாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா? எண்ணிப்பாருங்கள். தெருவார் கொன்றது திருடனை என்றவரையில் அவர்கள் காவலர்கள். கொன்றது ஒத்திகைக்காரனை என்று தெரிந்தால் அவர்கள் என்ன ஆவார்கள்? லிங்கப்பன் நல்லவன், ராமநவமிக்குப் பானகம் வார்க்கிறவன். அவனுடைய மனைவி அன்றிலிருந்து தன் வீட்டுத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைத்திருக்கிறாள். இனி எந்தத் தாம்பாளச் சத்தத்துக்கு எவன் ஓடிவருவான்? ஒரு மனிதனுடைய நல்ல பெயருக்காக ஒரு மொஹல்லாவின் பாதுகாப்பைக் குலைக்க எனக்கு உரிமை இல்லை. இதை அவளுக்கு விளக்கிச் சொன்னால் புரியாது. அவள் படித்தவள் அல்லள்.

அன்று முதல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். எவரும் அவளை எதுவும் கேட்பதில்லை. நீங்கள் நேற்று ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து விசாரித்தீர்கள் என்று கான்ஸ்டபிள் சொன்னான். அதனால்தான், நான் வந்ததும் கதவைச் சாத்தி, தெரியாதவர்போல் அவள் யாரென்று கேட்டுவிட்டு, இப்போது அவன் அடிபட்டபோது நான் எங்கே நின்றேன் என்று கேட்கிறீர்கள். இதுவரை என்னிடம் யாரும் கேளாத கேள்வி. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் இருப்பது ஆசிரியனுக்கு அழகல்ல.

நான் அங்கேயே நின்றிருந்தேன். முழங்கால் வலி உண்மை. ஆனால் அவனைப் பிடித்தது என் வீட்டுக்கு எதிரில்தான்.

முதல் அடி விழுந்ததும் கரியப்பன், "ஒத்திகைங்க, ஒத்திகைங்க, மேஷ்ட்ரக் கேளுங்க" என்றான். லிங்கப்பன் கையிலிருந்த தடியைத் தாழ்த்தவில்லை. "நோடு, பாருங்க இவனோட புத்தியை. நாமே சந்து பொந்தெல்லாம் காட்டிக்கொடுத்து, மாலையும் போட்டு வளர்த்த கள்ளன். நிஜமாத் திருடிட்டு ஒத்திகைங்கறான்" என்றான். அவனுக்கு மோர் கொடுத்த வீடல்லவா, கோபம் இருக்கும்தானே. ஆனாலும், இன்ஸ்பெக்டர், இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும், அவர்கள் நிறுத்தினார்கள். எல்லோரும் நிறுத்தினார்கள். தாம்பாளங்கள்கூட ஓய்ந்துவிட்டன. கரியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலைப் பிடித்தான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. அப்போதும் அவன் பயப்படவில்லை. நான் இருக்கிறேனே என்கிற தைரியம். லிங்கப்பன் என்னிடம், "மேஷ்ட்ரே, நீங்களே சொல்லுங்க. இது ஒத்திகையா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

தெரு முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஒரு நிசப்தம் எனக்கு வாய்த்ததில்லை. ஒத்திகைதான் என்று சொன்னால் அடுத்த கணமே சிரிப்பார்கள். கடலை கொறிப்பார்கள். தசரா முடிந்ததும் சௌக்கியைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள்.

"ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. தண்டோராவில் அப்படித்தான் சொல்லியிருந்தது. அவனை எனக்குத் தெரியாது என்றோ, அடியுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. காலை மட்டும் விடுவித்துக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, அவர்களுக்கு இடம் விட்டேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, பேனாவை இப்படிக் கொடுங்கள், அறிக்கையை நானே முடித்துத் தருகிறேன். கடைசியில், துறைக்கு உதவிபுரிந்த பொதுமக்கள் என்று ஒரு பகுதி இருக்குமே, அதில் என் பெயருக்குக் கீழே கரியப்பன் பெயரையும் சேர்த்துவிடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. பிறகு மல்லம்மாவை உள்ளே கூப்பிட்டு அந்த வரியை நீங்களே படித்துக் காட்டுங்கள். சந்தோஷப்படுவாள்.