அண்ணி கேட்ட ஒரு சொட்டு எச்சில்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, ஆய்வுக்கூடத்தின் அறிவார்ந்த பெருமக்களே, அன்பு குறையாத பெரியோர்களே, அதட்டியும் அணைத்தும் ஆளாக்கிய தாய்மார்களே, உட்கார இடமின்றிச் சுவரைத் தாங்கி நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்!

இருபது ஆண்டுகளாக மேடையேறிப் பேசிப் பிழைப்பவள் நான். முன்வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, அவர் என் அண்ணி. எச்சிலில் ஒளியைப் பாய்ச்சிப் புற்றுநோயின் தடம் தேடும் ஆய்வாளர். நான் அவருக்குச் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? ‘எச்சில் டாக்டர்!’ சிரியுங்கள், சிரியுங்கள். ஆறு ஆண்டுகள் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

ஒரு நாள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் எச்சில் வேண்டும் என்று டப்பியை நீட்டினார்.

“என் வாயிலேர்ந்து முத்துதான் உதிரும், பரவாயில்லையா அண்ணி?”

“முத்தை நீயே வச்சுக்கோ. எச்சிலை மட்டும் இதுல துப்பு.”

துப்பினேன். ஒரு வாரத்தில் மீண்டும் டப்பி. பத்து நாளில் மறுபடியும் டப்பி! “நான் என்ன குழாயா?” என்று சீறினேன். அண்ணி சிரிக்கவில்லை. கணினிமுன் என்னை உட்கார வைத்தார். எச்சிலில் உள்ள பொருள்கள் ஒளியைத் தத்தம் விதமாகச் சிதறடிக்குமாம். அந்தச் சிதறல் திரையில் மேடும் பள்ளமுமாய் ஒரு கோடாகுமாம். மற்றவர்களின் கோடுகள் ஒன்றாக ஓட, மூன்று முறையும் என் கோடு மட்டும் விலகி நின்றது.

“உங்க மெஷினுக்குத்தான் வியாதி!”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். லென்ஸைத் துடைச்சுப் பார்த்தேன், வேற மெஷின்லயும் வச்சுப் பார்த்தேன். இது முடிவு இல்லம்மா, சந்தேகம்தான். ஆனா சந்தேகத்தை மனசுல வச்சுக்கிட்டு என்னால உன்கூடச் சண்டை போட முடியல. வாய் டாக்டர்கிட்ட வா.”

போனேன். நாக்கின் அடியில், கண்ணாடியில் எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில், கடுகளவு வெள்ளைத் திட்டு. சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள். புற்றுநோய்! ஆரம்ப நிலை. வலி இருந்ததா? இல்லை. வீக்கம் இருந்ததா? இல்லை. எனக்கு வாயைத் தவிர வேறு சொத்தாவது இருந்ததா? அதுவும் இல்லை! மருத்துவமனை மாடிப்படியில் அமர்ந்து, அண்ணியின் தோளெல்லாம் நனைய அழுதேன்.

நாக்கில் அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். ஒன்பது நாள் பேசக் கூடாது. கட்டிலருகே அமர்ந்து அண்ணி சொன்னார்:

“இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்துல, இன்னைக்குத்தான் ஒரு வாக்கியத்தை முழுசா முடிக்கிறேன்.”

சிரிக்க முடியாமல் சிரித்தேன். அவர்தான் அழுதார்.

இப்போது ழகரம் கொஞ்சம் வழுக்குகிறது. என்னம்மா பின்வரிசையில்? ‘முன்னாடியும் அப்படித்தானா?’ உண்மையைச் சபையில் உடைத்தமைக்கு நன்றி தாயே!

அன்பர்களே! இந்த ஒளிச் சோதனை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. மருத்துவரின் இடத்தில் அது அமராது. ஆனால் அது தேறி வர நூறு பேர் போதாது, ஆயிரம் பேர் வேண்டும்! நோயுற்றவர் வேண்டும், நோயற்றவர் வேண்டும். வாயாடியும் வேண்டும், வாய் திறவாதவரும் வேண்டும்! தெருவெல்லாம் தாராளமாகத் துப்புகிறோமே, ஓர் உயிருக்காக ஒரு சொட்டுத் தரவா கூசுகிறோம்?

அண்ணி, மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், வீட்டில் பழக்கம் கெட்டுவிடும். ஆனால் இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன்: இந்த நாக்கு நீங்கள் மீட்டுத் தந்தது.

கைதட்டியது போதும், கனிவுடையோரே! எச்சில் தரும் வரிசை வாசலில் தொடங்குகிறது. தயவுசெய்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்!

செவி தந்தோர்க்கெல்லாம் நன்றி. வணங்கி விடைபெறுகிறேன்.