வகுக்க முடியாத வேகம்

"கணக்குல வார பஸ்ஸு எங்கனயும் நிக்கவே மாட்டேங்கு" என்றாள் முன்னிருக்கைப் பெண். அரசு வேலைக்கான தேர்வு எழுதக் களக்காட்டிலிருந்து வருகிறாள். மடியில் கணக்குப் புத்தகம். எங்கள் பஸ் மேலப்பாளையம் நெரிசலில் அசையாமல் நின்றது.

"தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம். இதுல என்னட்டி சந்தேகம்?" என்றான் பக்கத்தில் இருந்த அவள் கணவன்.

"நம்ம வேகம் இப்பம் சைபரு. வகுத்துச் சொல்லுங்க பாப்போம். ஒம்பது மணிக்கு கேட்டைப் பூட்டிருவாங்க."

"கொஞ்சம் பிந்துனா விடமாட்டாங்களோ?"

விடமாட்டார்கள். தேர்வு விதி எனக்குத் தெரியும்.

புத்தகத்தை அவன் மடியில் போட்டுவிட்டு அவள் இறங்கி ஓடினாள்.

"ஏட்டி, ஹால் டிக்கெட்டு எங்கிட்டல்லா இருக்கு!" என்று அவனும் குதித்து ஓடினான்.

முன்னால் போனவரைப் பின்னால் புறப்பட்டவர் எப்போது பிடிப்பார் என்பதும் அந்தப் புத்தகத்தில் உள்ள கணக்குதான். பின்னவர் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே அவள்தான் வேகமாக ஓடினாள்.