கட்டை சாய்த்த கப்பல்

— இல்லடி, நல்லாப் பாரு. அது நம்ம கப்பல்தான். மூணு பாய்மரம், வெள்ளை உடம்பு, மூக்குக்குக் கீழ பச்சைப் பட்டை. முப்பது வருஷம் அதுல பாய்மர மேஸ்திரியா இருந்தவனுக்குத் தெரியாதா?

— நான் இல்லைன்னா சொன்னேன்? ஜன்னலை விட்டு நகருங்க, அடுப்படிக்கு வெளிச்சமே வரல.

— நேத்துப் படுக்கும்போது குடா காலியாக் கெடந்துச்சு. விடிஞ்சு பார்த்தா நட்ட நடுவுல நங்கூரம் போட்டு நிக்குது. கணக்கு இடிக்குதே. இந்த வருஷம் இந்தப் பக்கமே வராதுன்னு கப்பல் ஆபீஸ்ல சொன்னாங்களே.

— வந்தா வந்துட்டுப் போகுது. டீ ஆறுது, குடிங்க.

— சூரியன் சரியா நடு மரத்துக்குப் பின்னாடி ஏறுது பாரு. நிழல் நம்ம கரை வரைக்கும் நீண்டு கெடக்கு. என்னதான் சொல்லு, அழகு குறையவே இல்ல அந்தக் கழுதைக்கு.

— இத்தனை நாள் அதைத் திட்டாத திட்டு இல்ல. இப்ப அழகாம்.

— பைனாகுலரை எடு... கண்ணு கூசுது, ஒண்ணும் புரியல... ஏய்.

— என்ன?

— குறுக்குக் கட்டையெல்லாம் சாஞ்சு கெடக்கு.

— சாஞ்சிருந்தா நிமித்தி வைப்பாங்க.

— விளையாடறியா? பாய்மரத்துக்குக் குறுக்கே பாயைக் கட்டற கட்டைடி அதெல்லாம். நங்கூரம் போட்டதும் மொத வேலை, அதை நூல் புடிச்ச மாதிரி நேரா நிறுத்தறதுதான். ஒண்ணு கோணினாலும் கேப்டன் உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். இங்க மூணு மரத்துலயும் ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு சாய்ச்சிருக்கு. வேணும்னே சாய்ச்சது.

— காத்துல சாஞ்சிருக்கும்.

— காத்து எங்க இருக்கு? கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. அது துக்கம்டி. சாவு விழுந்தா அப்படித்தான் சாய்ப்போம். வீட்டுல ஒருத்தர் போய்ட்டா எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குமில்ல, அது மாதிரி. கண்டவங்களுக்கெல்லாம் செய்ய மாட்டோம். மந்திரி செத்தாக்கூடக் கொடியைத்தான் எறக்குவோம். கட்டை சாயறது கப்பலோட சொந்த ஆளுக்கு மட்டும்தான்.

— ம்.

— என்னடி 'ம்'? அந்தக் கப்பல்ல யாரு இருக்கான்னு ஞாபகம் இருக்கா, இல்லையா?

— எனக்கா ஞாபகம் இல்ல? பெத்த மக பேச்சே எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டவர் நீங்க.

— குருவி.

— அப்பாடா. நாலு வருஷம் கழிச்சு வாயில வந்துச்சு.

— சமையல் கெழவரா இருக்குமோ? அவருக்கு நெஞ்சு வலி உண்டு... இல்ல, அவர் போன வருஷமே வேலையை விட்டுட்டு மகன் வீட்டுக்குப் போய்ட்டார். போன் எங்க? ஆபீஸுக்குப் போட்டுக் கேட்டுடறேன். முந்தாநாள்லேர்ந்து அந்தப் போனைத் தேடறேன்.

— சார்ஜ் இல்ல.

— எங்க இருக்குன்னு கேட்டேன்.

— மாவு டப்பாவுல.

— மாவு டப்பாவுலயா? அங்க எதுக்குடி வச்சே?

— ஏதோ ஞாபகத்துல வச்சுட்டேன். சரி விடுங்க.

— எதை விடறது? அவளுக்கு மரத்து மேல ஏறற வேலை. மேஸ்திரி மகளாச்சேன்னு என் வேலையையே தூக்கிக் குடுத்தாங்க. நான் விழுந்து கால் போன அதே மரம். வேண்டாம்னு தலைகீழா நின்னு பார்த்தேனே, கேட்டாளா?

— வேண்டாம்னு மட்டுமா சொன்னீங்க? "நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காதே"ன்னு சொன்னீங்க. அவ, "சரிப்பா, அப்படியே ஆகட்டும்"னு பையைத் தூக்கிட்டுப் போனா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சது நான்.

— அது கோவத்துல சொன்னது.

— கோவத்துல சொன்னதை நாலு வருஷமாக் கட்டிக் காப்பாத்தினீங்களே! ஒரு போன் பண்ணுங்கன்னு உங்களைக் கெஞ்சினேன். ஒரு தடவை வந்து பாருன்னு அவளைக் கெஞ்சினேன். "அப்பா வாயால கூப்பிடட்டும், வரேன்"னா. உரிச்சு வச்ச பிடிவாதம்.

— இப்ப அதைப் பேசற நேரமா? நீ ஏன் இப்படிக் கல்லு மாதிரி நிக்கறே? நானே பதறிப் போய் நிக்கறேன், பெத்தவ ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கே!

— பசிக்குமில்ல.

— யாருக்குப் பசிக்கும்? நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு ஒரு கூடை ரொட்டி?

— கப்பல் வந்தா யாராவது வருவாங்க. மொதல்ல அந்தக் கிழிஞ்ச பனியனைக் கழட்டுங்க. நாற்காலியில சட்டை இருக்கு.

— இது என் யூனிபார்ம் சட்டை. இதை எப்ப இஸ்திரி போட்டே?

— நேத்து.

— நேத்துக் கப்பலே இல்லையே.

— பட்டனை ஒழுங்காப் போடுங்க, மாறிப் போகுது.

— உனக்கு ஏதோ தெரியும். என்கிட்ட மறைக்கறே... யாரோ கதவைத் தட்டறாங்க.

— நான் பார்க்கறேன், நீங்க உக்காருங்க.

— தள்ளு, நானே தெறக்கறேன்... என்னடா லாஞ்சுக்காரா, விடிஞ்சதும் விடியாததுமா?

— அண்ணி, விஷயத்தைக் கேட்டதும் லாஞ்சை அப்படியே போட்டுட்டு... அண்ணே? நீங்களா?

— என் வீட்டுக் கதவை நான் தெறக்காம வேற எவன் தெறப்பான்?

— இல்ல, அதாவது வந்து... நீங்க நிக்கறீங்க.

— கால்தான்டா நொண்டி, நிக்கக்கூடவா வராது? கப்பல்ல யாரு போனது? சொல்லு.

— கப்பல்லயா? அதாவது வந்து... கப்பல்லேர்ந்து ரேடியோல உங்க வீட்டுல சாவுன்னாங்க அண்ணே. படகுல வர்றோம், கரையில கயிறு புடிக்க ஆள் வேணும்னாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. அண்ணி, என்ன அண்ணி இது?

— உனக்குப் புரிய வேண்டாம். நீ போய்க் கயிறைப் புடி. யார்கிட்டயும் வாயைத் தெறக்காதே.

— சரி அண்ணி. அண்ணே... அதாவது வந்து... உடம்பைப் பார்த்துக்குங்க.

— கேட்டியாடி? நம்ம வீட்டுல சாவாம். நம்ம வீட்டுல மொத்தமே மூணு பேரு. நீ இங்க நிக்கறே. நான் இங்க நிக்கறேன்.

— உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க.

— போச்சு. என் குருவி போச்சு. சின்னதுல என் தோள்ல ஏறி நின்னுக்கிட்டு, "அப்பா, கரை தெரியுது!"ன்னு கத்தும். அன்னைக்கே அதுக்கு மேல ஏறணும்னு ஆசை. ஏத்தி விட்டதே நான்தானே? அப்புறம் எந்த வாயால போகாதேன்னேன்? போன வருஷம் அவ கை ஒடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டப்பக்கூட ஒரு வார்த்தை விசாரிக்கல. ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல. காலையில உன்கிட்ட முதுகு வலின்னு பொய் சொன்னேன்.

— தெரியும்.

— தெரியுமா?

— முதுகு வலிக்கு யாரும் மக ரூம்ல போய்ப் படுக்க மாட்டாங்க.

— ஒரே ஒரு தடவை அவ வந்தாப் போதும்டி. நானே வாசல்ல நின்னு, வாம்மான்னு கூப்பிடுவேன். ஊரே பார்த்தாலும் சரி.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— வந்தா வாசல்ல நின்னு கூப்பிடுவேன்னீங்களே, அதை.

— கூப்பிடுவேன்டி, கூப்பிடுவேன்! போனவளை எங்கேர்ந்து கூப்பிடறது?

— இந்தாங்க பைனாகுலர். கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் பாருங்க. கப்பல்லேர்ந்து படகு கிளம்பிடுச்சு. முன்னாடி நிக்கறது யாரு?

— தண்ணியெல்லாம் பளபளன்னு... யாரோ ஒரு பொண்ணு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருக்கு. சட்டைக் கையில கறுப்புத் துணி. படகு ஆட்டத்துல எதையும் புடிக்காம ஒத்தக் காலை விளிம்பு மேல வச்சு நிக்கறா... நான்தான் அப்படி நிப்பேன்... ஏய். ஏய், அது குருவிடி! உயிரோட இருக்கா! ஐயோ, எவ்வளவு இளைச்சுட்டா!

— ஆமா. இளைச்சுத்தான் இருப்பா.

— அழறாடி. ஏன் அழறா? பின்னாடி கேப்டன் மடியில பூ வளையம். கணக்கு இடிக்குதே! அவ அங்க இருக்கா, நீ இங்க இருக்கே. அப்ப யாருக்குடி கட்டையைச் சாய்ச்சாங்க? முப்பது வருஷம் அதுலயே கெடந்தேன், எனக்குத் தெரியாம அந்தக் கப்பலுக்குச் சொந்த ஆளு வேற யாரு இருக்கா?

— நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் அவ வரக் கூடாதுன்னு சொன்னீங்க, எனக்கும் வேற வழி தெரியல. முந்தாநாள் போன் பண்ணி, நீங்க போய்ட்டீங்கன்னு சொல்லிட்டேன், ஓடிப் போய் வாசல்ல நின்னு கூப்பிடுங்க.